அச்சத்தை அளந்த பெண்மணி மேரி கவர் ஜோன்ஸ்

எங்கள் தம்பிக்கு ஐந்து வயது. அவனுக்குப் பூனை என்றால் பயம். பக்கத்து வீட்டு மதிலில் பூனை நடந்து போனாலே உம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். சென்ற பெருநாள் விடுமுறையில் சாச்சியின் பிள்ளைகளும் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து அவனைக் கேலி செய்தோம். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தவள் நான்தான்.

அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு பல நாட்கள் அவன் சாப்பாட்டு மேசைக்கே வர மறுத்தான். உம்மா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, முற்றத்தில் நடந்து நடந்து ஊட்ட வேண்டியிருந்தது. என்னைக் கண்டால் விலகிப் போனான். விளையாட்டுக்குத்தானே செய்தேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில மாதங்கள் கழிந்தன. ஒக்டோபர் 10 ஆம் திகதி வரும் உலக உளநல தினத்துக்காகச் சுவர்ப் பத்திரிகை ஒன்று தயாரிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. பதகளிப்புக் கோளாறுகள் என்ற தலைப்பு என் பங்குக்கு வந்தது. பயத்துக்கு மருத்துவம் எப்போது, யாரால் தொடங்கப்பட்டது என்று தேடிப் போனபோதுதான் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெயரை முதன்முதலாக வாசித்தேன். நான் பெருநாளன்று செய்த வேலை பயத்தைப் போக்குமா, வளர்க்குமா என்று நூறு வருடங்களுக்கு முன்பே அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். விடையையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். சுவர்ப் பத்திரிகையில் நான்கு வரிகளுக்குத்தான் இடம் இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

மேரி கவர் 1897 செப்டெம்பர் 1 ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ஜோன்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்து, நியூயோர்க் மாநிலத்தில் உள்ள வஸார் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அது பெண்களுக்கு மட்டுமேயான கல்லூரி. அங்கே உளவியல் பாடங்களை ஆர்வத்தோடு கற்ற மேரிக்கு, இறுதி வருடத்தில் ஓர் உளவியல் வகுப்பில் சேர அனுமதி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் உலகம் முழுவதும் உளவியல் பாடநூல்களில் இடம்பெறப்போகும் ஒருவருக்கு இப்படியும் நடந்திருக்கிறது என்பதை, பெறுபேறுகளைப் பார்த்துச் சோர்ந்துபோகும் என் தோழிகளுக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

1919 ஆம் ஆண்டு மேரி பட்டம் பெற்றார். அதே வருடம் நியூயோர்க் நகரில் ஜோன் வொட்சன் என்ற புகழ்பெற்ற உளவியலாளரின் விரிவுரையைக் கேட்டார். அந்த விரிவுரை அவரது வாழ்க்கையின் திசையையே தீர்மானித்தது.

வொட்சன் என்ன செய்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மேரியுடன் வஸாரில் படித்த ரொஸலி ரெய்னர் என்ற பெண்தான் வொட்சனின் உதவியாளர். அவர்கள் இருவரும் அல்பர்ட் என்று பெயரிட்டு அழைத்த ஒரு கைக்குழந்தைக்கு முதலில் வெள்ளை எலியைக் காட்டினார்கள். குழந்தை பயப்படவில்லை. கை நீட்டித் தொடப் பார்த்தது. பின்னர் எலியைத் தொடும்போதெல்லாம் குழந்தையின் பின்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் குழந்தை நடுங்கி அழுதது. சில தடவைகளுக்குப் பின்னர் சத்தமே இல்லாமல் எலியைக் கண்டாலும் அழத் தொடங்கியது. எலியோடு நிற்கவில்லை. முயல், நாய், உரோம மேலங்கி என்று பயம் பரவிக்கொண்டே போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொல்வதைத்தான் அவர்கள் ஆய்வுகூடத்தில் கண்டார்கள். இந்த ஆய்வு 1920 இல் வெளிவந்தது. ஆனால் உண்டாக்கிய பயத்தை அவர்கள் போக்கவில்லை. அதற்கு முன்பே குழந்தை அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டுவிட்டது.

பயம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்று வொட்சன் காட்டினார். அதைக் கேட்டவர்களில் பலர் வியந்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். மேரியின் மனதிலோ அதற்கடுத்த கேள்வி எழுந்தது. கற்றுக்கொண்ட பயத்தை மறக்கவும் கற்றுக்கொடுக்க முடியுமா?

1920 இல் மேரி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதே வருடம் தன்னோடு உளவியல் பயின்ற ஹரோல்ட் ஜோன்ஸைத் திருமணம் செய்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தனர். தாயாகவும் ஆய்வாளராகவும் ஒரே நேரத்தில் இருந்துகொண்டுதான் 1923 இல் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கல்வி ஆய்வு நிறுவனத்தில் தன் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினார். அப்போது வொட்சன் பல்கலைக்கழகப் பதவியை இழந்து விளம்பரக் கம்பனி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். ஓய்வு நேரங்களில் வந்து மேரிக்கு ஆலோசனை கூறினார்.

மேரி ஆராய்ந்த பிள்ளைகள் சுமார் 70 பேர். மூன்று மாதக் குழந்தை முதல் ஏழு வயதுப் பிள்ளை வரை அவர்களில் இருந்தனர். வீட்டுச் சூழ்நிலை காரணமாகத் தற்காலிகப் பராமரிப்பு இல்லத்தில் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மேரி எந்தப் பிள்ளைக்கும் புதிதாகப் பயத்தை உண்டாக்கவில்லை. பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்த பயங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைப் போக்க மக்கள் வழமையாகக் கையாளும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எனக்கு அவர் மீது மதிப்பு உண்டானதற்கு இதுவே முதற்காரணம்.

முதலாவது வழி, பயப்படும் பொருளைக் கண்ணில் காட்டாமல் விடுவது. காலம் போனால் பயமும் போய்விடும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுப் பார்த்தும் பயம் அப்படியே இருந்தது.

இரண்டாவது, வாயால் சொல்லித் தேற்றுவது. முயலுக்குப் பயந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு முயல் கதைகள் சொன்னார்கள், படங்கள் காட்டினார்கள். அவளும் ஆசையோடு கேட்டாள், தானும் பேசினாள். உண்மையான முயலைக் கொண்டு வந்தபோது பழையபடி பயந்தாள். பேச்சு மாறியிருந்தது, பயம் மாறவில்லை.

மூன்றாவது, பயப்படும் பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுவது. இதனால் சில பிள்ளைகளுக்குப் பயம் சற்றுக் குறைந்தது. ஆனால் அந்தப் பொருளின் மீது விருப்பம் உண்டாகவில்லை.

நான்காவது, மற்றப் பிள்ளைகளின் கேலியும் கண்டிப்பும். இதைத்தான் நாங்கள் பெருநாளன்று செய்தோம். மேரி கண்ட முடிவு, கேலி பயத்தைக் குறைப்பதில்லை, பல வேளைகளில் கூட்டிவிடுகிறது என்பதாகும். பிள்ளைக்கு முன்பு ஒரு பயம்தான் இருந்தது. கேலிக்குப் பின்னர் அதோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஐந்தாவது, வேறொரு விளையாட்டைக் காட்டிக் கவனத்தைத் திருப்புவது. கவனம் திரும்பியிருக்கும் வரைக்கும்தான் அது வேலை செய்தது.

கடைசி இரண்டு வழிகளும் பலன் தந்தன. ஒன்று, பிள்ளைக்கு மிகவும் பிடித்த ஒன்றை, குறிப்பாகச் சாப்பாட்டை, அவன் அனுபவித்துக்கொண்டிருக்கும்போது பயப்படும் பொருளைத் தூரத்தில் வைத்து, மெல்ல மெல்ல நெருக்கிக் கொண்டு வருவது. மற்றது, பயமில்லாத பிள்ளைகள் அந்தப் பொருளோடு விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க விடுவது.

முதல் வழியைப் பற்றி மேரி ஓர் எச்சரிக்கையும் செய்திருக்கிறார். இது மிகுந்த நிதானம் வேண்டிய வேலை. அவசரப்பட்டுப் பொருளைச் சட்டென்று நெருக்கிவிட்டால் சாப்பாட்டின் இன்பம் பயத்தை வெல்வதற்குப் பதிலாக, பயம் சாப்பாட்டின் மீதும் தொற்றிக்கொள்ளும். இந்த இடத்தை வாசித்தபோதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை என் கண்முன் வந்தது.

இந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் உளவியல் வரலாற்றில் இடம்பிடித்த பீட்டர். ஆய்வு தொடங்கியபோது அவனுக்கு 2 வயதும் 10 மாதங்களும். சுறுசுறுப்பான பிள்ளை. ஆனால் வெள்ளை எலி, முயல், உரோம மேலங்கி, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயந்தான். எலியைக் கண்டதும் கத்திக்கொண்டு மல்லாக்க விழுந்துவிட்டான். முயலுக்கு அதைவிடக் கூடுதலாகப் பயந்தான். ஆகவே மேரி முயலையே தேர்ந்தெடுத்தார். அவன் வறிய குடும்பத்துப் பிள்ளை. அவன் தூரப் போய்விடாமல் இருப்பதற்காக, யாரோ பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லித் தாய் அவனைப் பயமுறுத்தி வளர்த்ததையும் மேரி கவனித்திருக்கிறார். எங்கள் ஊர்களிலும் பூச்சாண்டி வருவான் என்று சொல்லிச் சோறூட்டுகிறோம் அல்லவா?

மேரி செய்த மிகப் பெரிய காரியம் என்று நான் நினைப்பது பீட்டரின் பயத்தை அவர் அளந்த விதத்தைத்தான். பயத்தை எந்தத் தராசில் வைப்பது? எந்த அளவுகோலால் அளப்பது? மேரி கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. முயலை எந்த அளவுக்கு அவன் பொறுத்துக்கொள்கிறான் என்பதை 17 படிகளாகப் பிரித்தார். முதற்படியில், கூட்டுக்குள் அடைத்த முயல் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் பயம். அடுத்த படியில், கூடு 12 அடி தூரத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்வான். பிறகு 4 அடி. பிறகு 3 அடி. பிறகு பக்கத்தில். அதன் பிறகு கூட்டுக்கு வெளியே முயல் அறையில் உலாவலாம். பிறகு, மேரி முயலைப் பிடித்துக்கொண்டிருக்க அவன் தொடுவான். பின்னர் தானாகவே தொடுவான். மடியில் வைத்துக்கொள்வான். முயலோடு அறையில் தனியே இருப்பான். கடைசிப் படியில் முயல் அவன் விரல்களைக் கடித்து விளையாட விடுவான். இடையிலே ஒரு படியில் அவன் முயலைப் பார்த்துத் துப்பினான், அதன் மீது பொருட்களை எறிந்தான். அதையும் மேரி குறும்பு என்று தள்ளிவிடவில்லை. ஓடி ஒளிந்த பிள்ளை எதிர்த்து நிற்கத் தொடங்கியிருக்கிறான் என்று முன்னேற்றத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இப்படிப் படிகள் வகுத்ததால் ஒவ்வொரு நாளும் பீட்டர் எங்கே நிற்கிறான், நேற்றைவிட முன்னே வந்தானா, பின்னே போனானா என்று குறித்து வைக்க முடிந்தது. பயந்தவன், தைரியசாலி என்று பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. எந்தப் பிள்ளையும் ஏதோ ஒரு படியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

முதலில் முயலுக்குப் பயமில்லாத மூன்று பிள்ளைகளோடு பீட்டரைத் தினமும் விளையாட விட்டார்கள். முயலும் இடையிடையே அங்கே கொண்டுவரப்பட்டது. பீட்டர் படிப்படியாக முன்னேறினான். அப்போதுதான் அவனுக்குச் செங்காய்ச்சல் வந்தது. இரண்டு மாதங்கள் வைத்தியசாலையில் இருந்தான். குணமாகித் தாதியோடு வாகனத்தில் ஏறப்போன வேளையில் பெரிய நாய் ஒன்று அவர்கள் மீது பாய்ந்தது. தாதியே பயந்துவிட்டார். பிள்ளையைச் சொல்லவும் வேண்டுமா? திரும்பி வந்த பீட்டர் மீண்டும் முதற்படியில் நின்றான்.

மேரியின் இடத்தில் நான் இருந்திருந்தால் கொப்பியை மூடி வைத்திருப்பேன். அவர் மூடவில்லை. இம்முறை சாப்பாட்டு முறையையும் சேர்த்துக்கொண்டார். பீட்டரை உயரமான நாற்காலியில் அமர்த்தி, அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தார். கம்பிக் கூட்டுக்குள் இருந்த முயலை, அவன் சாப்பிடுவதை நிறுத்தாத அளவு தூரத்தில் வைத்தார். அடுத்த முறை கொஞ்சம் கிட்ட. அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம் கிட்ட. சில வேளைகளில் பயமில்லாத பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இங்கே நகர்ந்தது ஒரு குழந்தையின் பயம். இடையில் ஒருநாள் முயலின் நகம் இலேசாகக் கீறியதால் அவன் மறுபடி பின்வாங்கினான். மறுபடி தொடர்ந்தார்கள். ஈற்றில் பீட்டர் முயலை ஆசையோடு தடவி, அது தன் விரல்களைக் கடித்து விளையாட விட்டான். பஞ்சு, இறகு, உரோம மேலங்கி ஆகியவற்றின் மீதிருந்த பயமும் அதோடு நீங்கிவிட்டது. பயம் பரவியது போலவே தைரியமும் பரவியது.

1924 ஆம் ஆண்டு இந்த ஆய்வுகள் இரண்டு கட்டுரைகளாக வெளிவந்தன. உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1926 இல் கைக்குழந்தைகளின் ஆரம்பகால நடத்தை வளர்ச்சி பற்றிய ஆய்வுக்காக அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1927 இல் கணவருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பதவி கிடைக்க, குடும்பம் பேர்க்லி நகருக்குக் குடிபெயர்ந்தது.

ஒரே பல்கலைக்கழகத்தில் கணவன் மனைவி இருவருக்கும் நிரந்தரப் பதவி கொடுக்கக்கூடாது என்ற விதி அங்கே இருந்தது. கணவர் பேராசிரியரானார். மேரி ஆண்டுக்கணக்காக ஆய்வுத் துணையாளராகவே வேலை செய்தார். அந்தப் பதவியில் இருந்துகொண்டே அவர் செய்த வேலையோ மிகப் பெரியது. 1932 இல் ஒக்லாந்து நகரின் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 200 பேரை வைத்துத் தொடங்கிய வளர்ச்சி ஆய்வில் அவர் முக்கிய பங்கு வகித்தார். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, திருமணம் முடித்து, நடுத்தர வயதை அடையும் வரைக்கும் ஆய்வு தொடர்ந்தது. தன் வயதுப் பிள்ளைகளைவிடத் தாமதமாக வளர்ச்சியடையும் பையன்களின் மனம் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்பதையும் மேரி ஆராய்ந்தார்.

1952 இல்தான் அவர் உதவிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். முழுப் பேராசிரியர் பதவி 1959 இல் கிடைத்தது. மறு வருடம் ஓய்வு பெற்றார். அதே 1960 இல் கணவரையும் இழந்தார். பீட்டரின் ஆய்வுக்கும் பேராசிரியர் பதவிக்கும் இடையில் 35 வருடங்கள்.

அந்த 35 வருடங்களுக்குள் உலகின் இன்னொரு மூலையில் ஒருவர் அதே பாதைக்கு வந்து சேர்ந்தார். அவர் தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பேர்க் நகரில் 1915 இல் பிறந்த டொக்டர் ஜோசப் வொல்பே. இரண்டாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றியபோது, போர்க்களத்தில் இருந்து திரும்பி, பயத்தால் உறக்கமின்றித் தவித்த வீரர்களை அவர் கண்டார். அன்று இருந்த மருந்துகள் அவர்களுக்கு நிலையான சுகத்தைத் தரவில்லை. போருக்குப் பின்னர் அவர் ஆய்வுகூடத்தில் பூனைகளைக் கூட்டில் வைத்து மின்னதிர்ச்சி கொடுத்துப் பயமுறுத்தினார். அந்தப் பகுதியை வாசிக்க எனக்கு விருப்பமாக இருக்கவில்லை. பயந்த பூனைகள் கூட்டுக்குள் சாப்பிட மறுத்தன. அந்த அறையைப் போலில்லாத வேறோர் அறையில் உணவு கொடுத்து, பின்னர் சிறிது சிறிதாக அந்த அறையை ஒத்த இடங்களுக்குக் கொண்டு வந்தபோது பூனைகளின் பயம் நீங்கியது. மேரி பீட்டருக்குச் செய்ததும் இதைத்தான்.

மனிதர்களுக்குச் சிகிச்சை செய்யும்போது வொல்பே உணவுக்குப் பதிலாக உடலின் தசைகளைத் தளர்த்தி அமைதியடையும் பயிற்சியைப் பயன்படுத்தினார். நோயாளி தனக்குப் பயம் தரும் காரியங்களைக் குறைந்த பயத்தில் இருந்து கூடிய பயம் வரை வரிசைப்படுத்த வேண்டும். பின்னர் அமைதியான நிலையில் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து மேலே ஏறிச் செல்ல வேண்டும். 1958 இல் இந்த முறையை விளக்கி நூல் எழுதினார். நோயாளியே தன் பயத்துக்குப் புள்ளி போடும் அளவுகோலையும் அவர் உருவாக்கினார். முழு அமைதிக்குப் பூச்சியம், தாங்கவே முடியாத பயத்துக்கு 100. மேரி பிள்ளையின் பயத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்து அளந்தார். வொல்பே அந்த அளவுகோலைப் பயப்படுபவரின் கையிலேயே கொடுத்தார். இன்றும் பதகளிப்புக் கோளாறுகளுக்குச் சிகிச்சை செய்வோர் படிகளையும் புள்ளிகளையும் பயன்படுத்துகிறார்கள்.

வொல்பே தனக்கு முன்பே இந்த வழியில் நடந்தவரை மறந்துவிடவில்லை. மேரி கவர் ஜோன்ஸை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று அழைத்தார். மறக்கப்பட்டுக் கிடந்த பீட்டரின் கதை பாடநூல்களுக்குள் நுழைந்தது. 1968 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஸ்டான்லி ஹோல் விருது மேரிக்குக் கிடைத்தது. 1987 ஜூலை 22 ஆம் திகதி, கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில், 89 ஆவது வயதில் அவர் காலமானார்.

மேரியின் வாழ்க்கையில் இருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பயப்படுகிறவருக்குத் தேவை புத்திமதியோ ஏச்சோ அல்ல. அவர் இப்போது நிற்கும் படியைக் கண்டுபிடித்து, அடுத்த படி வரைக்கும் மட்டும் பக்கத்தில் நின்று துணை வரும் ஒருவர்தான் அவருக்குத் தேவை. இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது வயிற்றுவலி வந்து, வாந்தி எடுத்து, வினாத்தாளைக் கண்டதும் எல்லாம் மறந்துபோகும் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பயப்படாதே என்று நாங்கள் அவர்களுக்குச் சொல்வது அந்த ஐந்து வயதுச் சிறுமிக்குச் சொன்ன முயல் கதையைப் போன்றதுதான். பயம் அன்றாட வாழ்க்கையையே குழப்பினால் வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ போவதில் எந்த வெட்கமும் இல்லை. பெற்றோர்களிடம் நான் பணிவோடு கேட்பதும் இதுதான். பிள்ளையின் பயத்தை வைத்து நாலு பேர் முன்னால் சிரிக்காதீர்கள். நான் சிரித்தவள். அதனால்தான் சொல்கிறேன்.

சுவர்ப் பத்திரிகை முடிந்த வாரத்தில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது விளங்கியதா தெரியாது. உம்மாவிடம் சொல்லிவிட்டு, சீ.ஆர். கொப்பியில் பத்துப் படிகள் கீறினேன். முதற்படி, புத்தகத்தில் பூனைப் படம் பார்ப்பது. இரண்டாவது, படத்தைத் தொடுவது. மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பூனை கேற்றுக்கு அப்பால் இருக்க, நாங்கள் வாசற்படியில் இருந்து கண்டோஸ் சாப்பிடுவது. ஒருநாள் அது திடீரென்று கத்தியதில் அவன் இரண்டு படிகள் கீழே போய்விட்டான். நான் ஏசவில்லை. பீட்டருக்கும் அந்த நாய் வந்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று நாங்கள் ஆறாவது படியில் நின்றோம். பூனை முற்றத்தின் நடுவில் படுத்திருந்தது. தம்பி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓடவில்லை. சிறிது நேரத்தில், அந்தப் பூனைக்குச் சாப்பாடு கொடுத்தார்களா ராத்தா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். கொப்பியில் அதற்கு ஒரு படி இல்லை. இரவு அதையும் சேர்த்துக் கீறி வைத்தேன்.